ஊருக்கே பிடித்த கிறுக்கு – கடிதம்

வணக்கம் சார்,

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘கிரேஸ்’ (craze) என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு மாணவி ‘மோகம்’ என்று எழுதியிருந்தாள். சரி போட்டுவிட்டேன், மனசு ஒப்பவில்லை. அந்தச் சொல்லின் வேர் என்ன? மோகம் போதுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

மனசு ஒப்பாதது நியாயம்தான்.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்து ஊறுகாய்ப் பரணி ஒன்று இருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அதன் பளபளப்பான பூச்சு முழுக்கத் தலைமுடி கனத்தில் விரிசல்கள், வலை பின்னியதுபோல. எண்ணெயும் உப்பும் இறங்கிப் பழுப்பேறிய விரிசல்கள். சூளையில் வெந்தது ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால் இப்படி ஆகும். ஆங்கிலத்தில் இதற்கு இன்றும் ‘கிரேஸிங்’ என்றுதான் பெயர்.

அதுதான் சொல்லின் மூலப்பொருள்: நொறுங்குவது, விரிசல் விடுவது. ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாஸர், ரசவாதியின் உலையில் உடைந்த பானையை இந்தச் சொல்லால்தான் சொல்கிறார். பிறகு அது நலிந்த உடம்புக்கும் கலங்கிய புத்திக்கும் ஆகிவந்தது. கூட்டமாக ஒன்றின் பின்னால் ஓடுவதற்கு வந்து சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில். 1958-இல் அமெரிக்காவில் இடுப்பில் வளையம் சுற்றினார்களே, ஹுலா ஹூப், அது அசல் கிரேஸ்.

நாம் ‘அவனுக்கு பைக் கிரேஸ்’ என்கிறோம். அது ஒருவனுடைய ஆசை, சாகும்வரைகூட இருக்கும். அதற்கு மோகம் பொருந்தும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் பலபேருக்கு ஒரே நேரத்தில் பிடித்து, சீக்கிரமே விட்டுப்போவதுதான் கிரேஸ்.

2000-களின் தொடக்கத்தில் வெனிலா விலை ஏறியபோது என் மாமா தென்னைகளுக்கு நடுவே சீமைக்கொன்றைக் கம்பு ஊன்றிக் கொடி ஏற்றினார். அந்தப் பூ ஒருநாள்தான் விரியும். காலையிலேயே ஈர்க்கில் துண்டால் பூப்பூவாக மகரந்தம் சேர்க்க வேண்டும். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் செய்வார். சுற்றிலும் பல விளைகளில் அதே கொடி. “ஊருக்கு மொத்தமா வட்டு பிடிச்சிருக்கு” என்றாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. சில வருஷத்தில் விலை சரிந்தது, கம்புகள் மட்டும் நின்றன.

அந்த ‘வட்டு’தான் கிரேஸ். பொதுத்தமிழில் ‘கிறுக்கு’ என்பேன். புத்தி கொஞ்சம் பிசகியதும் அதில் தெரிகிறது. மோகத்தில் அது இல்லை.

அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் டீச்சர். பக்கத்தில் ‘கிறுக்கு என்றும் எழுதலாம்’ என்று குறித்துக் கொடுங்கள்.