பல வருடமாக ஷெட்டில் கிடக்கும் என்ஜின் ஆயிலை இப்போது ஊற்றலாமா? மிச்சத்தை எப்படி வைப்பது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: ஆஃபரில் வாங்கிய 20டபிள்யூ-40 (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண்) பைக் ஆயில் கேன்கள் ஆறேழு வருடமாக ஷெட்டில் இருக்கின்றன, சிலது சீல் உடைக்காதது, ஒன்று பாதி காலி. பயன்படுத்தலாமா, இனி வாங்குவதை எப்படிப் பத்திரப்படுத்துவது?

நாமக்கல்லில் லாரி ஒர்க்‌ஷாப் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவன் நான், ஆயில் டிரம்மோடுதான் என் நாள் போகிறது. சுருக்கமாகச் சொன்னால் சீல் உடைக்காத கேனைச் சோதித்துவிட்டு ஊற்றலாம். பாதி கேனை என்ஜினுக்கு ஊற்ற வேண்டாம்.

எல்லாரும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலான கம்பெனிகள் சீல் உடைக்காத கேனுக்கு நாலைந்து வருடம் என்றுதான் கணக்குச் சொல்லும், அது சரியான கணக்குதான், ஆனால் அந்தத் தேதி தாண்டிய மறுநாளே ஆயில் கெட்டுவிடாது. கேனுக்குள் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் பேஸ் ஆயில் எனும் அடிப்படை எண்ணெய், அது மூடிய கேனில் லேசில் கெடாது. மிச்சம் இருப்பது அடிட்டிவ் எனும் மருந்துகள், அழுக்கைப் பிரிப்பது, தேய்மானத்தைத் தடுப்பது, நுரை வராமல் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ரொம்ப நாள் அசையாமல் கிடந்தால் இவற்றில் சிலது பிரிந்து அடியில் தங்கலாம். அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதை எங்கள் 210 லிட்டர் டிரம்மில் கண்ணாலேயே பார்க்கலாம். டிரம்மை வெளியில் நிமிர்த்தி வைத்தால் மழை பெய்ததும் மேல் விளிம்புக்குள் தண்ணீர் தேங்கும், மூடி அந்தத் தண்ணீருக்குள் முழுகி நிற்கும். பகலில் வெயில் அடித்ததும் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடி இடுக்கு வழியாக வெளியேறும், ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கி வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும், அப்போது இழுபடுவது அந்த மழைத் தண்ணீர். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் கொஞ்சமாக இது நடக்கும். அதனால்தான் டிரம்மைப் படுக்கப் போட்டு, இரண்டு மூடியும் கடிகாரத்தில் 3 மணி, 9 மணி இருக்கும் இடத்தில் வருகிற மாதிரி உருட்டி வைக்கச் சொல்வது. மூடிக்குப் பின்னால் ஆயில் நிற்கும், காற்றோ தண்ணீரோ உள்ளே வர வழியில்லை.

உங்கள் ஒரு லிட்டர் கேனுக்கும் இதே கதைதான். மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஃபாயில் கிழியாத வரை கவலையில்லை. கிழித்துவிட்டால், ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் சித்திரை வெயிலும் மார்கழிக் குளிரும் மாறி மாறிப் பட, பாதி கேனுக்குள் ஈரக் காற்று போய்க்கொண்டேதான் இருக்கும். திறந்ததை ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

இப்போது ஊற்றுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும். கேனை நன்றாகக் குலுக்குங்கள், தலைகீழாக ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுபடியும் குலுக்குங்கள், அடியில் தங்கியது கலக்க இதுதான் வழி. பிறகு சுத்தமாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி ஒரு நாள் அசைக்காமல் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தெளிந்த தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தால் தண்ணீர் ஏறிவிட்டது. அடியில் கசடு திரும்பத் தங்கினால் மருந்து பிரிந்துவிட்டது, இனி கலக்காது. சந்தேகமாக இருந்தால் பழைய இரும்புத் தகடு ஒன்றை நன்றாகச் சூடாக்கி ஒரே ஒரு சொட்டு விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும், இல்லையென்றால் சத்தமில்லாமல் பரவிப் புகையும். தண்ணீர் கலந்ததைக் காய்ச்சி வற்ற வைத்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தண்ணீர் கெடுத்த மருந்தைக் காய்ச்சித் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்புறம் பனியன் வேஸ்ட், அதாவது துடைக்க வைத்திருக்கும் கழிவு பனியன் துணி விஷயம். கேன் வாயையும் புனலையும் அதை வைத்துத் துடைப்பது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் பழக்கம். அதிலிருந்து உதிரும் நூல் ஆயிலோடு என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போய், ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் சிக்கும். பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள், துணியில் வடிகட்டவும் வேண்டாம்.

ஆயில் நன்றாக இருந்தாலும் அது உங்கள் வண்டிக்கு ஏற்றதா என்பது தனிக் கேள்வி, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கேனில் ஏபிஐ (ஆயிலின் தரத்தைச் சொல்லும் அமெரிக்கக் குறியீடு) எஸ்எல் என்று இருந்தால் அது 2001-இல் வந்த தரம், எஸ்என் 2010, எஸ்பி 2020. பழைய வண்டிக்கு எஸ்எல் போதும், ஆனால் பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) பைக்கின் மேனுவல் 10டபிள்யூ-30 எஸ்என் கேட்கிறது என்றால் இந்த ஆயிலை ஊற்றாதீர்கள். கியர் பைக்காக இருந்தால் ஜப்பானியத் தரக் குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று கேனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கலாம். டீசல் வண்டியில் இன்னும் கறார்: பிஎஸ்6 லாரியின் புகை வடிகட்டிக்கு சிகே-4 என்ற டீசல் ஆயில் தரம் மாதிரி, எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், பழைய சிஐ-4 மிச்சத்தைத் தீர்க்கிறேன் என்று ஊற்றினால் அந்தச் சாம்பல் வடிகட்டியை அடைக்கும், செலவு ஆயில் விலையைப் போல் பல மடங்கு.

இனி வாங்குவதை ஷெட்டில் வைக்காமல் வீட்டுக்குள், வெயில் படாத அறையில், பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள். வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதி, பழையதை முன்னால் வைத்து முதலில் எடுங்கள். காலி கேனை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாமல் ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள், அதில்தான் போலி ஆயில் நிரப்பி விற்கிறார்கள்.

அந்தப் பாதி கேன் தெளிவாக இருந்தால் கேட் கீல், மண்வெட்டி, சைக்கிள் செயினுக்கு வைத்துக்கொள்ளலாம். அதே ஷெட்டில் திறந்த பிரேக் ஆயில் பாட்டில் இருந்தால் அதை எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள், பிரேக் ஆயில் வகைகளான டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி பெடல் உள்ளே போய்விடும்.