பி.எஃப். பணமும் இரண்டு சைட்டும்

வணக்கம் சார்,

எனக்கு 43 வயது. கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். சேர்க்கை குறைந்துபோனதில் சம்பளம் இரண்டு மாதம் தள்ளித்தான் வருகிறது. என்னைச் சுற்றி ஒவ்வொருவராக ரியல் எஸ்டேட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கூடப் படித்த பல் மருத்துவர் கிளினிக்கை மூடிவிட்டு சைட் விற்கிறார். எனக்குப் பாடம் எடுத்த தமிழாசிரியை ஓய்வுபெற்ற கையோடு அதே கம்பெனியில் சேர்ந்துவிட்டார். எதிர்வீட்டு பஸ் டிரைவர் திருப்பூரில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார், பஸ்ஸும் ஓட்டுகிறார். கல்லூரி நண்பர் ஒருவர் 2014-ல் 8 லட்சத்துக்கு வாங்கிய சைட்டை 2024-ல் 16 லட்சத்துக்கு விற்றார். நானும் வேலையை விட்டுவிட்டு, பி.எஃப். பணத்தில் சூலூர்ப் பக்கம் இரண்டு சைட் வாங்கிப் போட்டு முழுநேரமாக இறங்கலாமா?

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த 16 லட்சத்தைப் பார்த்துவிடுவோம். பத்து வருடத்தில் இரண்டு மடங்கு என்றால் வருடத்துக்கு 7.2 சதவீதம். அந்தப் பத்து வருடத்தில் பி.எஃப். வட்டி 8.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அதே 8 லட்சம் பி.எஃப்.பில் சும்மா கிடந்திருந்தாலே 18 லட்சம் ஆகியிருக்கும். பத்திரச் செலவு, புரோக்கர் கமிஷன், விற்ற லாபத்துக்கு வரி எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. நீங்கள் எடுக்க நினைப்பது அந்தப் பி.எஃப். பணத்தைத்தான். சைட்டில் இதைவிட நன்றாகச் சம்பாதித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் 'ரெண்டு மடங்கு' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் வருடத்தை எண்ண மறந்துவிடுகிறோம். நீங்கள் கணக்குத் தெரிந்தவர், எண்ணியிருக்கலாம்.

அப்புறம், நீங்கள் சொன்ன எல்லோரும் ஒரே தொழில் செய்யவில்லை. பல் மருத்துவரும் ஆசிரியையும் கமிஷனுக்கு விற்கிறார்கள். அதில் போடுகிற முதல், தெரிந்தவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. அந்த அம்மாவிடம் கம்பெனி வாங்கியது முப்பது வருட மாணவர்களின் போன் நம்பரை. தப்பான தொழில் என்று சொல்லமாட்டேன். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த திட்டத்தில் விற்றுக்கொடுப்பவரும் முகவராகப் பதிந்திருக்க வேண்டும். அவர்கள் பதிந்திருக்கிறார்களா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பாருங்கள்.

சைட்டை விற்ற கல்லூரி நண்பரை விட்டால், உங்கள் கடிதத்தில் முதலீடு செய்பவர் அந்த டிரைவர் ஒருவர்தான். பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு என்ன வாடகை கட்டுபடியாகும், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிய விஷயமாக இருக்கும். வாடகை மாதாமாதம் வருகிறது. அப்படியும் அவர் ஸ்டியரிங்கை விடவில்லை, கவனித்தீர்களா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் நான் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். விளம்பரப் பிரிவில் இருந்த நண்பர் பகுதிநேரமாக மனை விற்றார். ஒரு ஞாயிறு காலை தாம்பரத்தில் வேன் ஏற்றினார்கள். திண்டிவனம் தாண்டி ஒரு பொட்டல், அதில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், ஒரு வளைவு, கலர் கலராகக் கொடிகள். மத்தியானம் பிரியாணிப் பொட்டலம். அதைச் சாப்பிட்ட கையோடு 1,200 சதுர அடிக்கு டோக்கன் கொடுத்தேன். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்றார்கள். நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப்பிழை தேடுகிறவன், என் சொந்தக் கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையைப் படிக்கவில்லை. வடக்கே 20 அடி ரோடு என்று எழுதியிருந்த இடத்தில் ஓடை இருந்தது. அதை முதல் மழையில்தான் கண்டுபிடித்தேன்.

டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவர் போடும் கையெழுத்து மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது என்பதும் பிறகுதான் உறைத்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மனையை விற்கப் போன நேரத்தில், 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். மறு வருடம், அப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணங்களைக் கட்டி, அலைந்து, உத்தரவு வாங்கினேன். நடுவில் மகளின் ஃபீஸ் நிற்கவில்லை. அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கொடுத்தார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அவர்களுக்கு.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். நிலம் அவசரத்துக்கு விற்காது, விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். அது விலையேறும் வரை வீட்டில் அடுப்பெரிய ஒரு சம்பளம் வேண்டும். இரண்டு மாதம் தள்ளி வந்தாலும் அது சம்பளம். வேலையை விட்ட மறுநாள் வங்கிக்குப் போய்க் கடன் கேட்டுப் பாருங்கள், முதலில் சம்பளச் சீட்டைத்தான் கேட்பார்கள். கல்லூரி பிடிக்கவில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள், அது தனி விஷயம். அதற்குச் சூலூர் பதிலாகாது.

இன்றைக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் வாங்கும்போதே போய்விடும். இரண்டு சைட் வேண்டாம். ஒன்று வாங்குவதானாலும் தாய்ப் பத்திரம், வில்லங்கம், பட்டா மூன்றையும் விற்பவர் காட்டும் வக்கீலிடம் கொடுக்காமல் நீங்களே தேடிப்பிடித்த வக்கீலிடம் கொடுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். சொத்தில் பங்கிருந்தும் கையெழுத்துப் போடாத ஒரு அக்காவோ தங்கையோ அதில் வரமாட்டார்.

டோக்கன் கொடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் இந்த ஞாயிறு அவர்கள் வேனில் ஏறாதீர்கள். மழை பெய்த மறுநாள், ஒரு செவ்வாயோ புதனோ, டவுன் பஸ்ஸில் போய் இறங்கி நடந்து பாருங்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள்.