அம்மாவுக்காக சபாட்டிகல் கேக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். டெல்லியில ஒரு சென்ட்ரல் யுனிவர்சிட்டியில ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல இருக்கேன், சர்வீஸ் பதினேழு வருஷம், அசோசியேட் புரொபசர் ஆகி எட்டு வருஷம் முடிஞ்சிருச்சு, இதுவரைக்கும் சபாட்டிகலோ (ஆராய்ச்சிக்குன்னு முழு சம்பளத்தோட குடுக்கற நீண்ட லீவு) ஸ்டடி லீவோ எடுத்ததே இல்ல. அம்மா கும்பகோணத்துல தனியா இருக்காங்க, வயசு 78. போன ஏப்ரல்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, எனக்கு சொல்லவே இல்ல, வீடியோ கால் போட்டா போனை எப்படியோ சாய்ச்சு வெச்சுக்குவாங்க, எனக்கு சீலிங் ஃபேன் மட்டும்தான் தெரியும், மூணு நாள் கழிச்சு பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் நெத்தியில அடி பட்டிருக்குன்னே தெரிஞ்சுது. இங்க கூப்பிட்டா வரமாட்டேங்கிறாங்க, நாங்க இருக்கறது முனிர்கால மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, குளிர் வேற. ஒரு வருஷம் சபாட்டிகல் போட்டுட்டு ஊருக்குப் போயிடலாமான்னு யோசிக்கிறேன். என் ரிசர்ச்சும் தஞ்சாவூர் மராட்டியர் காலம்தான். ஹெச்ஓடிகிட்ட, அதாவது துறைத் தலைவர்கிட்ட, வாய்வார்த்தையா கேட்டேன், "உங்க கிளாஸ யார் எடுப்பா"ன்னு ஒரே கேள்வியில முடிச்சிட்டார். அம்மா விஷயத்த அப்ளிகேஷன்ல எழுதணுமா, இல்ல சொல்லாம விட்டுடலாமா?
– வாசகி, முனிர்கா, புதுடெல்லி

பதில்: அந்த சீலிங் ஃபேன படிச்சுட்டு கொஞ்ச நேரம் எழுத முடியல மா. என் அப்பாவும் இப்படித்தான், உடம்பு முடியலன்னா அன்னைக்கு மட்டும் போன்ல குரல் ரொம்ப உற்சாகமா இருக்கும், அத வெச்சே நான் கண்டுபிடிச்சிடுவேன்.

முதல்ல ஒண்ணு நேரா சொல்லிடறேன், அம்மாவ பாத்துக்கறதுக்குன்னு சபாட்டிகல் கிடையாது. 2018 ஜூலைல வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ரெகுலேஷன்ல அந்த லீவு எதுக்குன்னு தெளிவா இருக்கு, படிப்பு, ஆராய்ச்சி, இல்ல வேற கல்விப் பணி, அதனால ஆசிரியரோட திறமை கூடி யுனிவர்சிட்டிக்குப் பயன்படணும், அவ்வளவுதான். அசோசியேட் புரொபசராவோ புரொபசராவோ ஏழு வருஷம் முடிச்ச பெர்மனன்ட் ஆளுக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஒரு வருஷம், மொத்த சர்வீஸ்லயும் ரெண்டு வருஷம். முழு சம்பளம் உண்டு, இன்க்ரிமென்ட் அந்தந்த தேதிக்கு வந்துடும், முடிஞ்சதும் திரும்பி வந்து ஜாயின் பண்ணிட்டா பென்ஷனுக்கும் அந்தக் காலம் சேரும். உங்களுக்கு தகுதி இருக்கு, அதுல சந்தேகமே வேண்டாம். ஸ்டடி லீவு எடுத்திருந்தா திரும்பி வந்து அஞ்சு வருஷம் காத்திருக்கணும், நீங்க அதுவும் எடுக்கல. உங்க யுனிவர்சிட்டியோட சொந்த விதிகள், அதான் ஆர்டினன்ஸ், அதையும் ஒரு தடவ எடுத்துப் படிச்சுக்கோங்க, பாண்ட் எழுதிக் கேக்கறது, ஒரே டிபார்ட்மென்ட்ல ஒரு நேரத்துல எத்தன பேர் போகலாம்ங்கறதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

ஆனா உங்க விஷயத்துல நிஜமாவே ரெண்டு இருக்கு. ஒண்ணு அம்மா. இன்னொண்ணு தஞ்சாவூர். ரெண்டும் நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கறது உங்க நல்ல நேரம், அதுக்காக ஒண்ண இன்னொண்ணுக்குள்ள ஒளிச்சு வெக்காதீங்க. காலைல கும்பகோணத்துல அம்மாவுக்கு காபி போட்டுக் குடுத்துட்டு ரயிலேறி தஞ்சாவூர் போய் சரஸ்வதி மகால் நூலகத்துல நாள் பூரா உக்காந்து வேல பாத்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தா அதுல யாருக்கு என்ன நஷ்டம்? சபாட்டிகல்ல எந்த வீட்டுல தூங்கறீங்கன்னு யாரும் கேக்கறதில்ல, என்ன வேல முடிச்சீங்கன்னுதான் கேப்பாங்க. அதனால அப்ளிகேஷன்ல அம்மாவ எழுத வேண்டாம், எழுதினா "இது குடும்ப விஷயம்"னு ஃபைல ஓரமா வெச்சிடுவாங்க. அதே சமயம் ஹெச்ஓடி கேட்டா "ஆமா சார், அம்மாவும் அங்கதான் இருக்காங்க"ன்னு தயங்காம சொல்லுங்க. இத நான் மனசார சொல்றேன், வேல உண்மையா இருந்தா இதுல மறைக்க ஒண்ணுமே இல்ல.

வேல உண்மையா இல்லன்னா, அதாவது அம்மாவுக்கு நாள் முழுக்க கூடவே ஆள் வேணும்ங்கற நிலமைன்னா, சபாட்டிகல தொடாதீங்க. அதுக்கு ஹாஃப் பே லீவு இருக்கு, முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் இருபது நாள், சொந்த காரணத்துக்குன்னு வெளிப்படையா எழுதியே எடுக்கலாம். பதினேழு வருஷத்துல தொடவே இல்லன்னா உங்க கணக்குல 340 நாள் இருக்கும், பாதி சம்பளம்தான், ஆனா நெஞ்சு உறுத்தாது. கூட ஈஎல் (ஏர்ன்ட் லீவு, ஈட்டிய விடுப்பு) இருக்கு, சேத்து வெச்சதுலேந்து ஒரு தடவைக்கு அறுபது நாள் வரைக்கும் கேக்கலாம். சைல்ட் கேர் லீவு 730 நாள் குடுக்கறாங்களே, அது பிள்ளைங்களுக்கு மட்டும்தான், பெத்தவங்கள பாத்துக்க அந்த மாதிரி ஒரு லீவு நம்மகிட்ட இன்னும் இல்ல, இது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கற ஆதங்கம்.

இப்போ அப்ளிகேஷன். என் முதல் அப்ளிகேஷன் நாலு மாசம் ஒரு ஆபீஸ் மேஜைல கெடந்துட்டு "ஒர்க் பிளான் தெளிவா இல்ல"ன்னு ஒத்த வரியோட திரும்பி வந்துச்சு. அப்போ பயங்கர கோபம். பின்னாடி நானே எடுத்துப் படிச்சு பாத்தேன், "சமூக வரலாற்றுப் பின்புலத்தில் விரிவான ஆய்வு"ன்னு ஒண்ணரைப் பக்கம், அதுல ஒரு ஊர் பேரு இல்ல, ஒரு ஆவணத்தோட பேரு இல்ல, எந்த மாசம் என்ன பண்ணுவேன்னு இல்ல. கமிட்டியில இருக்கறவங்க பாதிப் பேர் பிசிக்ஸ், காமர்ஸ் ஆளுங்க, அவங்களுக்கு எப்படிப் புரியும்?

நீங்க "தஞ்சை மராட்டியர் காலம்"னு எழுதாதீங்க. ரெண்டாம் சரபோஜி காலம், 1798லேந்து 1832 வரைக்கும், சத்திரங்களோட வரவு செலவு, மராத்தி எழுதப் பயன்பட்ட பழைய மோடி எழுத்துல இருக்கற ஆவணங்கள், அதுல ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் மாதிரி ஒண்ணோ ரெண்டோ மட்டும்னு எழுதுங்க. யாருக்கு சோறு போட்டாங்க, எத்தன கலம் அரிசி, யார் கணக்கு எழுதினாங்கன்னு கேள்விய போடுங்க, பிசிக்ஸ்காரரும் நிமிந்து உக்காந்து படிப்பார். முதல் அஞ்சு மாசம் சரஸ்வதி மகால், அடுத்து ரெண்டு மாசம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கம்பெனி காலத்து தஞ்சாவூர் ஜில்லா ரெக்கார்டு, மிச்சம் எழுதறதுக்குன்னு பிரிங்க. ஜன்பத் நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல பாக்க வேண்டியத இப்பவே சனிக்கிழமையோ வெகேஷன்லயோ முடிச்சிடுங்க, டெல்லியில கிடைக்கறதுக்கு சபாட்டிகல் மாசத்த செலவு பண்ணக்கூடாது. மோடி உங்களுக்கே சரளமா வரலன்னா படிச்சுத் தர ஆள் யாருங்கறதயும் எழுதுங்க, இத விட்டுட்டா பின்னாடி ரொம்ப கஷ்டப்படுவீங்க. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் மாதிரி ஒரு இடத்துலேந்து, இங்க வந்து வேல பாக்கலாம்னு ஒரு லெட்டர் வாங்கி இணைச்சுட்டா இன்னும் பலம். கடைசில என்ன வரும்னு சின்னதா, ஒரு புத்தகத்தோட மூணு அத்தியாயம்னா மூணுதான், ஆறுன்னு எழுதிட்டு ரெண்டோட வந்து நிக்காதீங்க, ஏன்னா திரும்பி வந்ததும் ரிப்போர்ட் குடுத்தே ஆகணும்.

ஹெச்ஓடி கேட்டது நியாயமான கேள்விதான் மா, கோச்சுக்காதீங்க. அசோசியேட் புரொபசருக்கு வாரம் பதினாலு மணி நேரம் கிளாஸ், அது காத்துல போகாது, யாரோ ஒருத்தர் தலைல விழும். நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, எந்தப் பாடம் யாருக்கு, எது எலெக்டிவ், ஒரு வருஷம் நிறுத்தி வெக்கலாமா, எதுக்கு கெஸ்ட் ஃபேகல்டி வேணும். உங்க கிளாஸ எடுக்கப் போற ஜூனியர்கிட்ட முன்னாடியே பேசி, உங்க நோட்ஸ குடுத்து, அவங்க சம்மதிச்சாங்கன்னு சொல்லுங்க. எனக்கு ரெண்டாவது தடவ கிடைச்சது ஒர்க் பிளான விட இதனாலதான்னு நெனக்கிறேன். ஆறேழு மாசம் முன்னாடியே குடுத்துடுங்க, டிபார்ட்மென்ட், டீன், ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ், எக்ஸிக்யூட்டிவ் கவுன்சில்னு ஃபைல் நடக்கணும், நீங்களும் அது பின்னாடியே நடக்கணும்.

ஏழு வருஷ கணக்கு எங்கேந்து வந்துச்சுன்னா, ஏழாவது வருஷம் நிலத்த தரிசா போடணும்னு பைபிள்ல இருக்கு, அதுக்கு சபாத் வருஷம்னு பேரு, அந்தப் பேரத்தான் ஹார்வர்டுல 1880ல இந்த லீவுக்கு எடுத்துக்கிட்டாங்க. ஆனா உங்க ஊர்ப் பக்கம் சம்பா அறுக்கறதுக்கு முன்னாடியே ஈரத்துல உளுந்து தெளிச்சிடுவாங்களே, மண்ணுக்கும் நல்லது, வீட்டுக்கும் ஆச்சு. எனக்கு சபாட்டிகல்னா அந்த உளுந்துதான் ஞாபகம் வரும்.

கேள்வி: என் கைடு அடுத்த வருஷம் சபாட்டிகல் போறாங்க, நான் பிஹெச்டி நாலாவது வருஷம். என் கதி என்ன ஆகும்னு பயமா இருக்கு.
– ஆராய்ச்சி மாணவர், மயூர் விஹார்

பதில்: பயப்படாதீங்க தம்பி, லீவுல போனாலும் கைடு கைடுதான். ஆனா அவங்க ரயிலேறின பிறகு கேக்காதீங்க, இப்பவே போய் உக்காந்து பேசுங்க. மாசத்துல ஒரு தேதி குறிச்சு வாங்குங்க, அன்னைக்கு கண்டிப்பா போன்ல பேசணும். செமஸ்டருக்கு ஒரு தடவ ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன்னாடி நிக்கணுமே, அந்தத் தேதிக்கு அவங்க ஆன்லைன்ல வருவாங்களான்னு கேட்டு ஈமெயில்ல பதில் வாங்கி வெச்சுக்கோங்க. ஆபீஸ்ல கையெழுத்து வேண்டியது என்னென்ன வரும்னு ஒரு லிஸ்ட் போட்டு, அவங்க இல்லாதப்ப யார் போடறதுன்னு டிபார்ட்மென்ட்ல எழுத்துலயே முடிவு பண்ணச் சொல்லுங்க. ஃபெல்லோஷிப் பேப்பர்தான் முதல்ல மாட்டும், அத மறந்துடாதீங்க.

முனிர்கா சகோதரியும் இத படிச்சுடுங்க, உங்ககிட்டயும் இப்படி ரெண்டு மூணு பிள்ளைங்க இருப்பாங்க, உங்களக் கேக்கத் தயங்கிக்கிட்டு.