ராஜினாமா எழுதித் தராதீர்கள்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 70 பேர். சம்பளம் 18,500 ரூபாய். சென்ற ஆண்டு காலையில் வேலைக்குப் போகும்போது மழையில் பைக் சறுக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது செயற்கைக் காலுடன் நடக்கிறேன். எங்கள் பிரிவு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்தில் உட்கார ஓர் இடம் கேட்டேன். "அது சரிப்படாது. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், இரண்டு மாதச் சம்பளம் சேர்த்துத் தருகிறோம். சட்டமெல்லாம் அரசு ஊழியருக்குத்தான்" என்கிறார் மேலாளர். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "விருப்பப்பட்டு விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு "எழுத வைத்தார்கள்" என்று நிரூபிக்க முடியாமல் தவித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களே உங்களை நீக்கட்டும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு. மீறினால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ராஜினாமா கொடுத்துவிட்டால் இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும்.

மேலாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20-வது பிரிவு, பணியில் இருக்கும்போது உடல்குறை ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஆனால் சட்டம் அதோடு முடிந்துவிடவில்லை. உடல்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்ற 3-வது பிரிவு அரசு, தனியார் என்று பிரித்துப் பேசவில்லை. பாகுபாடு என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது: ஒருவர் மற்றவர்களைப் போல வேலை செய்ய ஏதுவான நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான். நிறுவனம் தாங்க முடியாத சுமையாக இருந்தால் மட்டுமே மறுக்கலாம். லிஃப்ட் கட்டித் தரச் சொன்னால் செலவைக் காட்டி அவர்கள் வாதாடலாம். நீங்கள் கேட்பதோ ஒரு மேசை, ஒரு கணினி, கீழே கொஞ்சம் இடம். எழுபது பேர் வேலை செய்யும் இடத்தில் இதைச் சுமை என்று சொல்ல எனக்குத் தெரிந்து எந்த நியாயமும் இல்லை.

இன்னொன்று. 21-வது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தனியாரும் இதில் அடக்கம். இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில், மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு என்னென்ன வசதி, அதைக் கவனிக்கும் அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கேள்வி வந்த பிறகுதான் நிர்வாகம் வக்கீலைத் தேடிப் போகிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் ஐந்து லட்சம் வரை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். "40 சதவீதம் உடல்குறை இருந்தால்தான் உரிமை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அளவுகோல் இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு. நியாயமான மாற்றம் கேட்க அது தேவையில்லை என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினையுள்ள ஒரு தேர்வர், தனக்கு எழுதித் தர உதவியாளர் கேட்ட வழக்கு அது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒரு விஷயம். உங்கள் சம்பளத்தைப் பார்த்தால் இ.எஸ்.ஐ. (ஊழியர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், பணியில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும். மருத்துவ வாரியம் குறைபாட்டின் அளவை முடிவு செய்தால், அதற்கேற்ற தொகை நிரந்தரமாக வரும். விபத்து அறிக்கையை நிறுவனம் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அனுப்பியதா என்று உடனே விசாரியுங்கள்.

இனி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும். கோபம் வேண்டாம். விபத்து நடந்த தேதி, நீங்கள் செய்யும் வேலை, அதை உட்கார்ந்தபடியே முழுமையாகச் செய்ய முடியும் என்பது, கீழ்த்தளத்தில் இடம் தர வேண்டும் என்பது, ராஜினாமா கேட்ட நாள், கேட்டவர் பெயர், 15 நாளில் பதில் வேண்டும் என்பது. இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலோடு சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்புங்கள். விசாரணைக்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு.