ஓடுகிற மெஷினை ஏன் கொடுத்தீர்கள்?

சென்ற வாரம் இரண்டு தொட்டி வைத்த பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஒரு பக்கம் துவைக்கும், இன்னொரு பக்கம் பிழியும், நடுவில் துணியை எடுத்து மாற்றிப் போட நாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இருந்தாலும் என் வீட்டில் இன்றுவரை அதுதான் ஓடுகிறது என்று. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: 1997-இல் என் கல்யாணத்துக்குச் சீராக வந்த செமி மெஷின். துவைக்கிற பக்கம் ஓடுகிறது. டிரையர் பக்கம் 'உம்ம்' என்று சத்தம் மட்டும் வருகிறது, சுற்றவில்லை. மோட்டார் போய்விட்டது, மாற்ற 3,500 ரூபாய் ஆகும், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: பொறுங்கள். சத்தம் வருகிறதென்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. டிரையர் இப்படி உறுமிக்கொண்டு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மோட்டார் சுற்றத் தொடங்க உதைப்புக் கொடுக்கும் கண்டென்சரை. மோட்டார் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு. அடுத்தது பிரேக். டிரையர் மூடியிலிருந்து ஒரு வயர் அடியில் இருக்கும் பிரேக்குக்குப் போகிறது. மூடியைச் சாத்தினால் பிரேக் விடும், திறந்தால் பிடிக்கும். வயர் தளர்ந்தாலும் அறுந்தாலும் பிரேக் விடாது, மோட்டார் திணறும். மூன்றாவது, டப்புக்கு அடியில் உள்ள சீல் கிழிந்து தண்ணீர் இறங்கி, டப்பின் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் துருப்பிடித்திருக்கலாம். இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் மோட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். மூடியைத் திறந்துவைத்து டப்பைக் கையால் திருப்பிக் காட்டி, "பாருங்கம்மா, ஜாம் ஆகிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூடி திறந்திருந்தால் பிரேக் பிடித்துத்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மூடியைச் சாத்திய நிலையில் அடியிலிருந்து சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டென்சரை நீங்கள் தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: டிரையர் மூடியைத் திறந்தாலும் சுற்றும்படி மெக்கானிக் ஸ்விட்சை 'டைரக்ட்' செய்து கொடுத்துவிட்டார். வேலை சீக்கிரம் முடிகிறது. இதில் ஏதும் தப்பு உண்டா? – வாசகர், ஓசூர்

பதில்: நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் டப்பில் கை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, இன்றைக்கே பழையபடி மாற்றுங்கள்.

கேள்வி: துணி துவைக்கும்போது மெஷினின் உடம்பைத் தொட்டால் சுரீர் என்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரிவதில்லை. பிளக் பாயிண்டில் இடம் போதாததால் மூன்றாவது பின்னை நாங்களே வெட்டி எடுத்துவிட்டோம். மெஷினை விற்றுவிடலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: மெஷினை ஏன் விற்க வேண்டும்? நீங்கள் வெட்டி எடுத்தது எர்த் பின். உள்ளே எங்கோ கசியும் கரண்ட் அந்தப் பின் வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். இப்போது உங்கள் உடம்பு வழியாகப் போகிறது. ஈரத் தரையில், ஈரக் கையோடு நிற்கும் இடம் அது. செருப்பை நம்பி வீட்டில் இருப்பவர்களை அங்கே அனுப்பாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் சுவர் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இருக்காது. புதிய பிளக், கசிவு எங்கே என்ற சோதனை, மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. இவை முடியும்வரை மெஷினைத் தொடாதீர்கள். இதை இவ்வளவு காட்டமாக எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் அம்மாவின் செமி மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு மேலே திறக்கும் ஃபுல் ஆட்டோமேட்டிக் வாங்கினேன். பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மெதுவாகத்தான் வரும். புது மெஷினில் தண்ணீர் நிரம்பவே அரை மணி நேரம் ஆகிறது, பாதியில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. பழையதைத் திரும்பக் கேட்க முடியுமா? – வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் கையில் இருப்பதைச் சரிசெய்வோம். தண்ணீர்க் குழாய் மெஷினோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். போர் தண்ணீரில் வரும் மண்ணும் உப்பும் அதை அடைத்துவிடும். குழாயை மூடி, கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் போடுங்கள். மேலே திறக்கும் மெஷின் என்பதால் பக்கெட்டில் தண்ணீர் மொண்டு நேராக ஊற்றியும் ஓட்டலாம். தண்ணீர் வேண்டிய அளவுக்கு வந்ததும் பெரும்பாலான மெஷின்கள் தாமாகத் துவைக்கத் தொடங்கிவிடும். அப்போதும் சரிவராவிட்டால் பிரஷர் பம்ப் செலவு இருக்கிறது. உங்கள் வீட்டுத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று விற்றவர் கேட்டாரா? கேட்டிருக்க வேண்டும்.

இனி எக்ஸ்சேஞ்ச். இதைப் பற்றி நான் பலமுறை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

எங்கள் வீட்டுக்கு செமி மெஷின் 1993-இல் வந்தது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் கொல்லைப்புறத்துத் துவைகல்தான். சனி ராத்திரியே ஊறவைத்துவிடுவார்கள். காலையில் அம்மா கல்லில் அடித்துத் துவைப்பாள், பாட்டி அலசுவாள், போர்வையும் ஜமுக்காளமும் வந்தால் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிவோம். மத்தியானம் அம்மாவின் உள்ளங்கையெல்லாம் வெந்ததுபோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். மெஷின் வந்த பிறகு பாட்டியும் அதைப் பழகிக்கொண்டாள். அவளுக்கு எண் படிக்க வராது. அதனால் அம்மா துவைக்கும் டைமரைச் சுற்றியுள்ள எண்களில் 9-க்கு நேராக ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தாள். பொட்டு வரைக்கும் திருப்பினால் போதும்.

2009 தீபாவளிக்கு ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு 1,200 ரூபாய் தருகிறோம் என்றதும் நான் அந்த மெஷினைக் கொடுத்துவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த மெஷின். பாட்டி அப்போது இல்லை, அம்மாவும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, மிக்ஸி ஜார் தேடிப் போன ஒரு பழைய சாமான் கடையில் வரிசையாக நின்ற மெஷின்களில் ஒன்றில் அந்தப் பொட்டைப் பார்த்தேன். விலை 4,500. பேரம்கூடப் பேசாமல் வாங்கி, மினி வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் இன்றும் ஓடுகிறது.

ஆகவே எக்ஸ்சேஞ்ச் என்று போகும் முன், 'பழையது எதுவும் தரவில்லை, வெறும் காசு கொடுத்தால் என்ன விலை?' என்று கேளுங்கள். இரண்டு மூன்று கடையில் கேளுங்கள். அந்த விலைக்கும் எக்ஸ்சேஞ்ச் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய மெஷினுக்கு அவர்கள் உண்மையில் தருவது. பல சமயம் அது 500 ரூபாய்கூட இருக்காது. 'எக்ஸ்சேஞ்சுக்கு 3,000' என்று பெரிதாக எழுதியிருக்கும், அதே மெஷின் பக்கத்துக் கடையில் எக்ஸ்சேஞ்சே இல்லாமல் 2,500 குறைவாக இருக்கும்.

தண்ணீர் விஷயம் தனி. செமி மெஷினில் சோப்புத் தண்ணீரை எப்போது திறந்துவிடுவது என்பது நம் கையில் இருக்கிறது. முதலில் வேட்டியும் பள்ளிக்கூடச் சட்டையும், அதே தண்ணீரில் அப்புறம் கலர் துணி, கடைசியில் கால்மிதி. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, தெருவில் லாரிக்குக் குடத்தோடு நின்றோமே, அப்போது எங்கள் வீட்டில் துணி துவைத்த தண்ணீர் கடைசியாகக் கக்கூஸுக்குப் போனது. ஃபுல் ஆட்டோமேட்டிக் ஒவ்வொரு முறையும் தண்ணீரைத் தானாக வெளியே தள்ளிவிடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்களே சம்மதித்துக் கொடுத்ததால் சட்டப்படி திரும்பக் கேட்பது கடினம். ஆனால் கடைக்குப் போய், பழைய மெஷின்களை எந்த வியாபாரி எடுக்கிறார் என்று கேளுங்கள். இந்த வாரமே போங்கள்.

கேள்வி: 'ஐந்து வருட வாரண்டி' என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கினேன். மூன்றே வருடத்தில் டைமர் போய்விட்டது. காசு கேட்கிறார்கள். பில்லும் தொலைந்துவிட்டது. – வாசகர், ஆவடி

பதில்: வாரண்டி அட்டையைப் படியுங்கள். ஐந்து வருடம் பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்தான் இருக்கும், டைமர் மோட்டார் ஆகாது. பில்லைத் தொலைத்தவருக்கு நான் எந்த வழியைச் சொல்வது?

கேள்வி: எங்களிடம் இருப்பது வீடியோகான் செமி மெஷின். கம்பெனியே இல்லை, இனி ஸ்பேர் கிடைக்காது என்கிறார்கள். – வாசகி, நாமக்கல்

பதில்: வீடியோகான் 2018-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது உண்மை. ஆனால் உங்கள் மெஷினில் அடிக்கடி தேய்வது பெல்ட், கண்டென்சர், டைமர், டிரெயின் குழாய். இவை அளவு பொருந்தினால் போதும், கம்பெனிப் பெயர் பொருந்த வேண்டியதில்லை. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். பெல்ட்டின் முதுகில் எண் அச்சிட்டிருக்கும். துவைக்கும் தொட்டியின் அடியில் சுற்றும் பல்சேட்டர் மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். அதைப் பார்த்துக் கையாளுங்கள்.

கேள்வி: நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் தங்கிப் படிக்கிறோம். 3,000 ரூபாய்க்குப் பழைய செமி மெஷின் ஒன்று வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? – மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கேட்டுவிட்டு வாங்குகிறீர்கள், சந்தோஷம். 2004-இல் நான் கேட்காமல் வாங்கினேன். மேல் பேனல் பளிச்சென்று இருந்தது. அடித் தகடு துருப்பிடித்து இற்றுப்போய், அதன்மேல் வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் டிரையர் மோட்டார் தகட்டோடு கீழே இறங்கிவிட்டது. கொடுத்த காசு அத்தனையும் போச்சு.

ஆகவே மெஷினைச் சாய்த்து டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் விட்டு, தரை நனைகிறதா என்று பாருங்கள். துவைக்கும் டைமரை முழுக்கத் திருப்பிவிடுங்கள். பல்சேட்டர் ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்ற வேண்டும், டைமர் தானாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். ஈரத் துண்டு இரண்டைப் போட்டு டிரையரை ஓட்டி, நடுவில் மூடியைத் திறங்கள். சில நொடிகளில் நிற்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 68 வயது, தனியாக இருக்கிறேன். இணையத்தில் தேடிக் கிடைத்த 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் பேசினேன். இரண்டு பேர் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 2,800 ரூபாயை முன்பணமாக அவர்கள் சொன்ன எண்ணுக்கு கூகுள் பேயில் அனுப்பினேன். பத்து நாளாகிறது. போன் எடுக்கவில்லை. என் முட்டாள்தனத்தை வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. – வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: அம்மா, வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல. கம்பெனி பெயரில் பொய் எண்ணைப் போட்டுவைத்து, தனியாக இருப்பவர் வீட்டுக்குள் வந்து பொருளையும் எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

இன்றே 1930-க்குப் பேசுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான எண் அது. பணம் போன எண், தேதி, தொகை எல்லாம் உங்கள் போனிலேயே இருக்கும், அழித்துவிடாதீர்கள். அப்புறம் உள்ளூர்க் காவல் நிலையத்தில் மோட்டார் எடுத்துப் போனதையும் சேர்த்து எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். அந்த ஆட்கள் உண்மையிலேயே ஏதோ ஒரு சர்வீஸ் கடைக்காரர்கள் என்று தெரியவந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. மனு எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

மற்றவர்களுக்கு: சர்வீஸ் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். வாரண்டி அட்டையிலும் மெஷின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருப்பதுதான் சரியான எண்.

கேள்வி: காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டு செமி மெஷினின் டிரையரில் போடலாமா? – வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: தாராளமாக. கஞ்சியைத் துணியில் வடிகட்டி, பக்கெட்டில் கரைத்து, புடவையை முக்கி எடுத்துக் கையால் ஒரு முறை பிழிந்துவிட்டு டிரையரில் அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் கஞ்சி முழுக்க வெளியே போய்விடும். புடவையை எடுத்ததும் டிரையரில் இரண்டு சொம்பு வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் சுற்றவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் டிரெயின் குழாயில் எறும்பு வரிசை கட்டும்.