லேப்டாப் டாக்குக்கு நீளமான யூஎஸ்பி-சி கேபிள்: எதை வாங்குவது?

கேள்வி: டாக்கிங் ஸ்டேஷனோடு (மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சார்ஜ் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி; சுருக்கமாக டாக்) வந்த கேபிள் முக்கால் மீட்டர்தான் இருக்கிறது. மேஜையை மாற்றிப் போட்டதில் லேப்டாப் வரைக்கும் எட்டவில்லை. ஒன்றரை மீட்டராவது வேண்டும். 100 வாட் என்று போட்ட 3 மீட்டர் கேபிள் ஒன்று வாங்கினேன். லேப்டாப் சார்ஜ் ஆகிறது, கீபோர்டும் மவுஸும் வேலை செய்கின்றன, ஆனால் மானிட்டரில் படம் வரவில்லை. கெட்டது டாக்கா, கேபிளா?

பதில்: இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் வாங்கியது சார்ஜிங் கேபிள். கீபோர்டும் மவுஸும் வேலை செய்து மானிட்டர் மட்டும் வராமல் இருப்பதே அதற்கு அடையாளம்.

யூஎஸ்பி-சி முனை எல்லாக் கேபிளிலும் ஒரே மாதிரி தெரியும். உள்ளே ஓடும் கம்பிகள்தான் வேறு. சார்ஜிங் கேபிளில் மின்சாரத்துக்கான கம்பிகளும், பழைய யூஎஸ்பி 2.0-க்கான ஒரு ஜோடியும் இருக்கும். அந்த ஜோடியில் அதிகபட்சம் நொடிக்கு 480 மெகாபிட். கீபோர்டு, மவுஸுக்கு அது தாராளம். மானிட்டருக்கான படம் போவது இன்னும் நான்கு அதிவேக ஜோடிகளில். உங்கள் கேபிளில் அவை இல்லவே இல்லை. யூஎஸ்பி 2.0 கேபிள் 4 மீட்டர் வரை போகலாம் என்பதால், கடையில் நீளமாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். அட்டையில் வாட் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்து, ஜிகாபிட் கணக்கு எங்கேயும் இல்லையென்றால் டாக்குக்கு அதை வாங்காதீர்கள்.

வேகம் கூடக் கூட, செம்புக் கம்பியில் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும். சாதாரணக் கேபிளில் 5 ஜிகாபிட் வேகம் 2 மீட்டர் வரை தாங்கும். யூஎஸ்பி 3 வகைக் கேபிளில் 10 ஜிகாபிட்டுக்கு 1 மீட்டர்தான் கணக்கு. 40 ஜிகாபிட் என்றால் சுமார் 80 சென்டிமீட்டர். டாக்கோடு குட்டைக் கேபிள் கொடுப்பதற்குக் காரணம் இதுதான், கஞ்சத்தனம் இல்லை. இதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள்ளேயே சிக்னலைத் தூக்கிவிடும் சிப் இருக்க வேண்டும். ஆக்டிவ் கேபிள் என்பது அதுதான்.

அப்புறம், உங்கள் டாக் எந்த வகை என்று பாருங்கள். லேப்டாப் செருகும் போர்ட் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட் டாக்; தண்டர்போல்ட் என்பது அதே யூஎஸ்பி-சி முனையில் ஓடும் ஒரு அதிவேக இணைப்பு முறை. அதற்கு 2 மீட்டர் தண்டர்போல்ட் 4 கேபிள் வாங்குங்கள். முனையில் மின்னல் குறியும் 4 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். 2 மீட்டரிலும் 40 ஜிகாபிட் முழுசாகக் கிடைக்கும். ஆப்பிள் 3 மீட்டரிலும் ஒன்று விற்கிறது; விலை மிக அதிகம், ஒன்றரை மீட்டர் தேவைக்கு அது வேண்டியதில்லை. மின்னல் குறி இல்லாத சாதாரண யூஎஸ்பி-சி டாக்குக்கும் இதே தண்டர்போல்ட் 4 கேபிள் பொருந்தும். செலவைக் குறைக்க நினைத்தால், 20 ஜிகாபிட், 240 வாட் என்று இரண்டும் போட்டு யூஎஸ்பி தர விதிகளை வகுக்கும் அமைப்பின் சான்று முத்திரையோடு வரும் 2 மீட்டர் யூஎஸ்பி4 கேபிள் போதும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 2 மீட்டர் தண்டர்போல்ட் 3 ஆக்டிவ் கேபிளை வாங்கிவிடாதீர்கள். அது தண்டர்போல்ட் டாக்கில் ஜோராக ஓடும். சாதாரண யூஎஸ்பி-சி டாக்கில் போட்டால் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 ஆக இறங்கி, இப்போது இருக்கிற அதே பிரச்சினைக்கே கொண்டுவந்து விடும். தண்டர்போல்ட் 4-இல் இந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டது.

வாட் விஷயம் எளிது. அடையாளச் சிப் இல்லாத கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக, 'என்னால் இவ்வளவு தாங்க முடியும்' என்று சொல்லும் இ-மார்க்கர் சிப் கேபிளில் இருக்க வேண்டும். டாக் 90 வாட் கொடுக்க, கேபிள் 60 வாட்டில் நின்றுவிட்டால், கனமான வேலை செய்யும்போது சார்ஜரில் இருந்தபடியே பேட்டரி இறங்கும்.

எக்ஸ்டென்ஷன் கேபிள் மாட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். ஒரு முனை ஆண், மறுமுனை பெண் என்று இருக்கும் யூஎஸ்பி-சி நீட்டிப்பை யூஎஸ்பி தர விதிகளே அனுமதிப்பதில்லை. இ-மார்க்கர் தன் கேபிளைப் பற்றி மட்டும்தான் சொல்லும். நடுவில் நுழைந்த நீட்டிப்பைப் பற்றி லேப்டாப்புக்கும் தெரியாது, டாக்குக்கும் தெரியாது. 3 ஆம்பியர் தாங்கும் கம்பியில் 5 ஆம்பியர் பாய்ந்தால் இணைப்பு சூடாகும். படம் விட்டு விட்டு வருவதை விட இதுதான் எனக்குக் கவலை.

என்னைக் கேட்டால், கேபிளை நீட்டுவதற்கு முன் டாக்கை நகர்த்திப் பாருங்கள். லேப்டாப் பக்கத்திலேயே, மேஜைப் பலகைக்கு அடியில் ஒட்டிவிடலாம். குட்டைக் கேபிளை அப்படியே விட்டுவிட்டு, மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளை 3 மீட்டராக மாற்றுவது செலவும் குறைவு, தொல்லையும் குறைவு. ஈத்தர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டாக்கிலேயே கழற்ற முடியாதபடி கேபிள் வந்திருந்தால், டாக்கை நகர்த்துவது ஒன்றுதான் வழி.

சரி, புதுக் கேபிளே வாங்குகிறீர்கள் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே பகுதியைத் திறந்து, பழைய கேபிளில் இருந்த அதே ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் கிடைக்கிறதா என்று பாருங்கள். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் தண்டர்போல்ட் பகுதி இணைப்பு வேகத்தையே காட்டிவிடும். பிறகு டாக்கில் ஒரு எஸ்எஸ்டி மாட்டி, சில ஜிபி அளவுள்ள கோப்பை நகலெடுத்துக்கொண்டே மானிட்டரைக் கவனியுங்கள். திரை ஒரு நொடி கறுத்து மீண்டாலோ, எஸ்எஸ்டி தானாகக் கழன்று மறுபடி இணைந்தாலோ, கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.