அமூங்கஸை நடுநாயகமாக வைத்து அணி கட்டுவது எப்படி?

போகிமான் வீடியோ விளையாட்டின் இரட்டையர் போட்டிக்கு (இரு தரப்பிலும் ஒரே நேரத்தில் இரண்டு போகிமான்கள் மோதும் ஆட்டம்), காளான் வடிவத் துணைப் போகிமானான அமூங்கஸை வைத்து அணி கட்ட வேண்டும், மற்ற ஐந்து இடங்களில் யாரைச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த போகிமான் அது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமூங்கஸ் போன்ற துணைப் போகிமானின் வேலை, தன் கூட்டாளிக்கு ஒரு சுற்றைச் சம்பாதித்துக் கொடுப்பது. அந்தச் சுற்று கிடைத்தால் ஆட்டத்தையே புரட்டிப்போடக்கூடியவர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென் கொரியாவின் சே ஜுன் பார்க் பலவீனமானதாகக் கருதப்பட்ட பச்சிரிசு என்ற மின் வகைப் போகிமானுடன் பட்டம் வென்றதைப் பலரும் அதிசயமாகவே பேசுகிறார்கள். அவர் அணியில் கியாரடோஸ் இருந்ததைக் கவனியுங்கள். மின் தாக்குதல் என்றால் கியாரடோஸுக்கு நான்கு மடங்கு அடி விழும். பச்சிரிசுவோ ஃபாலோ மீ போட்டு அந்தத் தாக்குதலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வோல்ட் அப்சார்ப் திறன் இருப்பதால் அதை வைத்தே கால் பங்கு உயிர்ப்புள்ளியை மீட்டுக்கொள்ளும். எனக்கு அதில் தெரிவது அதிசயம் அல்ல, அழகான கணக்கு.

அமூங்கஸிடம் எதிராளியின் தாக்குதலைத் தன் பக்கம் இழுக்கும் ரேஜ் பவுடர், தூங்கவைக்கும் ஸ்போர், எதிராளியை அடிக்கவும் கூட்டாளியைக் குணப்படுத்தவும் உதவும் போலன் பஃப் மூன்றும் உண்டு. அடிப்படை வேகம் வெறும் 30. இந்த மந்தமே அதன் சொத்து. மெதுவானவர் முந்தும் ட்ரிக் ரூமில், குறி தவறாத ஸ்போரால் எதிராளியை அவர் அசையும் முன்பே தூங்கவைத்துவிடும். ஆனால் ட்ரிக் ரூம் அந்தச் சுற்றின் கடைசியில்தான் செயல்படும். அதைப் போடுபவர் அதுவரை உயிரோடு நிற்க ரேஜ் பவுடர் வேண்டும். முந்திக்கொண்டு அடித்து அந்தச் சுற்றில் அசையவிடாமல் செய்யும் ஃபேக் அவுட் அமூங்கஸ்மீது விழுந்தால் ரேஜ் பவுடரே வராது. இதனால்தான் ட்ரிக் ரூம் போட நான் ஃபாரிகிராஃபைப் பரிந்துரைக்கிறேன். அதன் ஆர்மர் டெயில் திறன், ஃபேக் அவுட் போல வேகத்தைப் பார்க்காமல் முந்தி வரும் முன்னுரிமைத் தாக்குதல்களிலிருந்து கூட்டாளியையும் காக்கும்.

அடிப்பதற்கு நெருப்பு வகை ஆமையான டோர்கோல். வேகம் 20. முழு உயிர்ப்புள்ளி இருக்கும்போது அதன் எரப்ஷன் தாக்குதலின் வலிமை 150. அடி வாங்க வாங்க அதுவும் இறங்கும். டோர்கோலின் உடம்பில் கீறல் விழாமல் ரேஜ் பவுடர் பார்த்துக்கொள்ளும். விழுந்துவிட்டால் போலன் பஃப் பாதி உயிர்ப்புள்ளியைத் திருப்பிக் கொடுக்கும். இந்த ஜோடியில் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இன்னொன்று. புல் வகைப் போகிமான்களிடம் ஸ்போரும் பலிக்காது, ரேஜ் பவுடரும் பலிக்காது. அமூங்கஸை அலட்சியம் செய்து தாண்டிப் போகும் அவர்களைத்தான் டோர்கோல் தன் திறனால் வரவழைக்கும் வெயிலில் நின்று எரித்துவிடும்.

உங்கள் துணைப் போகிமானை எதிராளி கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? அணி கட்டும்போது பலர் இதை யோசிப்பதே இல்லை. சேஃப்டி காகிள்ஸ் என்ற பொருளை அணிந்தவர் ஸ்போர், ரேஜ் பவுடர் இரண்டையும் தாண்டிவிடுவார். எர்த்குவேக், ராக் ஸ்லைடு போன்ற, ஒரே நேரத்தில் பலர்மீது விழும் பரவல் தாக்குதல்களை ரேஜ் பவுடர் தடுக்காது. இரண்டுமே டோர்கோலுக்குக் கூடுதலாக வலிக்கும். நான்காமவராக இன்சினரோரைச் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். களத்தில் இறங்கியதும் அதன் இன்டிமிடேட் எதிராளிகளின் தாக்குதல் திறனை ஒரு படி குறைக்கும். ஆனால் எதிராளி தன் திறனைக் குறைத்தால் தாக்குதல் கூடும் டிஃபையன்ட் திறன் உள்ளவர்களுக்கு அதுவே ஊக்கமருந்து ஆகிவிடும் என்பதால், அந்தத் திறன் கொண்ட கிங்காம்பிட் எதிரே நிற்கும்போது இறக்காதீர்கள்.

நேரடியாக அடிக்காத நகர்வுகளைத் தடுக்கும் டான்ட் பட்டால் அமூங்கஸுக்கு ஸ்போரும் ரேஜ் பவுடரும் போய்விடும். போலன் பஃப் தாக்குதல் வகை என்பதால் அது தப்பிக்கும். அதைக் கட்டாயம் வைத்திருங்கள். டான்ட்டை நீக்கும் மென்டல் ஹெர்ப் என்ற பொருளைக் கொடுத்தாலும் தகும். பயிற்சிப் புள்ளிகளில் (EV) உயிர்ப்புள்ளிக்கு 252 கொடுத்துவிட்டு, மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்காமல், நீங்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு குறிப்பிட்ட தாக்குதலைத் தாங்கும் அளவுக்குச் சேதக் கணிப்பானில் பார்த்துப் போடுங்கள். வேகத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

மீதி இரண்டு இடங்களுக்கு ட்ரிக் ரூமை நம்பாத வேகமான இருவரைப் பிடியுங்கள். ஆறில் நான்கைத்தான் களத்துக்குக் கொண்டுபோகிறோம். சில எதிராளிகளிடம் அமூங்கஸை வெளியே உட்காரவைப்பதுதான் சரியான ஆட்டம்.